அயல் வீட்டில் ஓராண்டு

பதினாறு வயதுப் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பி, முன்பின் அறியாத ஒரு குடும்பத்தாரிடம் பத்து மாத காலம் ஒப்படைக்கும் வழக்கம் உலகில் பல தேசங்களில் வேரூன்றியிருக்கிறது. ஆண்டுதோறும் பல்லாயிரம் ஹைஸ்கூல் மாணாக்கர் இவ்வாறு தேசாந்தரம் சென்று, அந்நியர் வீட்டில் உண்டு உறங்கி, அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்துத் திரும்புகின்றனர். மாணவர் பரிவர்த்தனை என்பது இதற்குப் பெயர். இவர்களை ஏற்று வைத்துக்கொள்ளும் குடும்பத்தார் பெரும்பாலும் அதற்காக ஒரு காசும் பெறுவதில்லை. ராஜதந்திரிகள் கூடும் மகாநாடுகளைப் பற்றிப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதுகின்றன. வீட்டுச் சமையலறையிலும் சாப்பாட்டு மேஜையிலும் நடந்துவரும் இந்தச் சர்வதேச உறவைப் பற்றி எழுதுவார் அரியர். இம்முறை எவ்வாறு பிறந்தது, இதனால் விளையும் நன்மை யாது, இதில் உள்ள அபாயம் யாது என்பவற்றைப் பொதுவாழ்வில் ஈடுபட்ட நமது நேயர்கள் அறிந்துகொள்வது அவசியமென்று கருதி இதனை எழுதுகிறோம்.

யுத்தகளத்தில் பிறந்த யோசனை

இம்முறையின் மூலத்தை நாடிச் சென்றால் அது நம்மை யுத்தகளத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. முதல் மகாயுத்தத்தில் அமெரிக்கா பிரவேசிப்பதற்கு முன்னரே, அமெரிக்க இளைஞர் பலர் பிரான்ஸுக்குச் சென்று, காயமுற்ற படைவீரரை ஆம்புலன்ஸ் வண்டிகளில் ஏற்றி ஆஸ்பத்திரி சேர்க்கும் தொண்டில் ஈடுபட்டனர். 1915-ஆம் ஆண்டில் ஏ. பியாட் ஆண்ட்ரூ என்பவர் அத்தொண்டை ஒழுங்குபடுத்தி, 'அமெரிக்கன் ஃபீல்டு ஸர்வீஸ்' என்னும் ஸ்தாபனமாக்கினார். இரண்டாவது மகாயுத்தத்தில் ஸ்டீபன் கலாட்டியின் தலைமையில் அந்த ஸ்தாபனத்தின் வண்டியோட்டிகள் வட ஆப்பிரிக்காவிலும், இத்தாலியிலும், இந்திய-பர்மா எல்லையிலும் பணி புரிந்தனர். 1945-இல் பெர்கன்-பெல்ஸன் முகாமிலிருந்து குற்றுயிராய்க் கிடந்தோரை வெளியேற்றியவர்களிலும் இவர்கள் இருந்தனர்.

யுத்தம் முடிந்ததும் இவர்கள் வீட்டுக்குப் போய் ஓய்ந்துவிடவில்லை. முறிந்த எலும்புகளைச் சுமந்தது போதும். எலும்பு முறியாதிருக்க வழி தேடுவோம் என்னும் எண்ணம் அவர்களுக்கு உதித்தது. அதன் பயனாக, 1947-ஆம் ஆண்டில் 10 தேசங்களிலிருந்து 52 மாணாக்கர் அமெரிக்காவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே குடும்பங்களில் தங்கி ஹைஸ்கூல்களில் பயின்றனர். பெரியவர்களின் மனம் இறுகிப் போய்விடுகிறது. கல்லூரி மாணாக்கனோ விடுதியில் தன் போன்றாருடன் ஒதுங்கிவிடுகிறான். ஹைஸ்கூல் பிள்ளை ஒரு குடும்பத்தின் கண்காணிப்பில் வாழ்ந்தே தீரவேண்டும். இதனை அறிந்து செய்த ஏற்பாடு அது.

1951-இல் நடந்தது இதனினும் துணிகரமானது. ரேச்சல் ஆண்ட்ரெஸன் என்னும் அம்மையாரின் முயற்சியால் ஜெர்மனியைச் சேர்ந்த 75 சிறுவர் சிறுமியர் மிச்சிகன் ராஜ்யத்துக் குடும்பங்களில் ஓராண்டு வாழ வந்தனர். ஜெர்மனி சரணடைந்து அப்பொழுது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. தம் பிள்ளைகளையும் உடன்பிறந்தாரையும் அந்த யுத்தத்தில் பறிகொடுத்த ஜனங்கள் நிறைந்த நாட்டிலே, நேற்றைய எதிரியின் மக்களுக்குப் படுக்கை விரித்துக் கொடுக்க முன்வந்த குடும்பங்கள் இருந்தன என்பது மனித குலத்துக்குப் பெருமை தருவதாகும். அம்முயற்சியே பின்னர் 'யூத் ஃபார் அண்டர்ஸ்டாண்டிங்' என்னும் ஸ்தாபனமாக வளர்ந்தது.

சர்க்காரின் நோக்கமும் வீட்டின் இயல்பும்

சர்க்கார்கள் இத்துறையில் பணப்பையை அவிழ்த்த காலங்களைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். 1983-இல் அமெரிக்கக் காங்கிரஸும் மேற்கு ஜெர்மனியின் பார்லிமெண்டும் சேர்ந்து ஒரு பரிவர்த்தனைத் திட்டம் வகுத்தன. ஜெர்மானியர் அமெரிக்காவில் குடியேறத் தொடங்கி 300 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடுவதாகச் சொல்லிக்கொண்டனர். ஐரோப்பாவில் ஏவுகணைகளைப் பற்றிய விவாதம் கொதித்துக்கொண்டிருந்த காலமும் அதுவே. சோவியத் யூனியன் சிதறிய பின், 1992-இல் செனட்டர் பில் பிராட்லியின் முயற்சியால் அந்நாடுகளின் மாணாக்கருக்கென்று ஒரு திட்டம் பிறந்தது. 2001 செப்டம்பர்த் தாக்குதலுக்கு அடுத்த ஆண்டு, செனட்டர்கள் கென்னடி, லூகர் ஆகியோர் பெயரால், முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணாக்கருக்காக மற்றொரு திட்டம் ஏற்பட்டது. இந்தியாவும் அதில் சேர்க்கப்பட்டு, நம் நாட்டுப் பிள்ளைகளும் அதன் வழியே சென்று வந்திருக்கின்றனர்.

அச்சம் தோன்றும் போதெல்லாம் சர்க்கார் பிள்ளைகளை நாடுகிறது என்பது தெளிவு. ஆதலின் இஃதெல்லாம் வெறும் பிரசாரமே என்று நம்மவருள் சிலர் கூறுவதுண்டு. அந்தச் சந்தேகம் நியாயமானதே. வல்லரசொன்று தன் செலவில் அந்நிய நாட்டுச் சிறுவனை அழைத்துச் சென்று ஓராண்டு வைத்திருக்கிறதென்றால், அதற்குக் காரணம் தர்மசிந்தை ஒன்றே என்று நம்புவோர் பொதுவாழ்வுக்குத் தகுதியற்றவர்.

ஆயினும் சந்தேகிப்போர் ஒரு விஷயத்தை மறந்துவிடுகின்றனர். பிரசாரத்துக்கு மேடை வேண்டும், அலங்காரம் வேண்டும், நேர அளவும் வேண்டும். சுற்றுப்பிரயாணம் வந்த விருந்தாளிக்குப் பத்து நாள் மாளிகைகளைக் காட்டி அனுப்பிவிடலாம். பத்து மாதம் வீட்டிலிருக்கும் பிள்ளையிடம் எதை மறைக்க முடியும்? மாதக் கடைசியில் குடும்பத் தலைவர் கடன் கணக்கைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதை அவன் காண்கிறான். வைத்தியச் செலவுக்கு அஞ்சிப் பாட்டி நோயைச் சொல்லாமலிருப்பதைக் காண்கிறான். கறுப்பரும் வெள்ளையரும் பள்ளி உணவறையில் தனித்தனி மேஜையில் அமர்வதையும் காண்கிறான். அதனுடன், பனி மூடிய பாதையை அடுத்த வீட்டுக் கிழவருக்காகக் கூலியில்லாமல் வாரிக் கொடுக்கும் தொழிலாளியையும் பார்க்கிறான். அவன் மனத்தில் பதியும் சித்திரம் எந்தச் சர்க்காரும் எழுதிக்கொடுத்ததன்று.

சில சர்க்கார்கள் இதனை உணர்ந்தே அஞ்சுகின்றன. ஒரு மாணவன் திரும்பி வரவில்லை என்பதைக் காரணமாகக் காட்டி, 2014-இல் ரஷ்யா அந்த 1992-ஆம் ஆண்டுத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. 2025 மே மாதக் கடைசியில் அமெரிக்க சர்க்காரே மாணாக்கருக்கான விசா நேர்காணல்களைப் புதிதாகக் குறிப்பதைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்து, விண்ணப்பிப்போர் சமூக ஊடகங்களில் எழுதியவற்றைச் சோதிக்கும் விதிகளுடன் ஜூனில் மீண்டும் தொடங்கிற்று. மிச்சிகன் குடும்பத்தார் 1951-இல் காட்டிய நெஞ்சுரம் பெரிய ராஜ்யங்களுக்கு எப்போதும் வாய்ப்பதில்லை.

விருந்தினனா, பிள்ளையா?

இடமளிக்கும் குடும்பத்தை ஆங்கிலத்தில் 'ஹோஸ்ட் ஃபாமிலி' என்பர். அச்சொல்லை நாம் விருந்தோம்பும் குடும்பம் என்று பெயர்த்துக்கொண்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். விருந்தினனுக்கு நம் மரபில் தனிச் சிறப்புண்டு. வள்ளுவர் அதற்கோர் அதிகாரமே வகுத்திருக்கிறார். விருந்தினன் எழுந்து தட்டுக் கழுவினால் வீட்டாருக்கு அவமானம். ஆனால் பரிவர்த்தனை மாணவன் முதல் வாரத்திலேயே தட்டுக் கழுவவேண்டும். தன் துணியைத் தானே வெளுத்து மடிக்கவேண்டும். குப்பைத் தொட்டியைக் குறித்த நாளில் தெருவோரம் கொண்டு வைக்கவேண்டும். எங்கே போகிறான், எப்போது திரும்புவான் என்று சொல்லிச் செல்லவேண்டும். இவற்றைச் செய்யுமாறு வீட்டு அம்மையார் கூறும்போது, வேலைக்காரனாக்குகிறார்களோ என்று அவன் மனம் புண்படுவதுண்டு. மெய்யாகவோ அன்றுதான் அவன் விருந்தினன் நிலையிலிருந்து உயர்ந்து பிள்ளையாகிறான். வீட்டுப் பிள்ளையைத்தானே வேலை ஏவுவார்கள்!

அழைக்கும் முறையிலும் சங்கடமுண்டு. அமெரிக்க இல்லங்களில் அந்தப் பெரியவர்களைச் சிலர் 'அம்மா, அப்பா' என்றே அழைக்கின்றனர். பல வீடுகளில் பெயரைச் சொல்லியே அழைக்கச் சொல்கின்றனர். ஐம்பது வயதுப் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நம் நாட்டுப் பிள்ளைக்கு நாக்கு எழாது. மாமா, அத்தை என்று ஏதேனும் ஒரு முறை சொல்லியே பழகிய வாய் அது. எதையும் சொல்லி அழைக்காமலே, எதிரில் போய் நின்று பேச்சைத் தொடங்கி நாள்களைத் தள்ளும் பிள்ளைகளும் உண்டு. அவ்வாறே மறுதரப்பிலும் சங்கடங்கள் இல்லாமலில்லை. புலால் உண்ணாத பிள்ளை வந்தால் எதைச் சமைப்பதென்று அவர்கள் திகைக்கின்றனர். கதவைச் சாத்திக்கொண்டு அறையிலேயே இருக்கும் பிள்ளை நோயுற்றானா, கோபமா, வீட்டு நினைவா என்று தெரியாமல் கவலையுறுகின்றனர்.

ஊரைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் மாணவனுக்குப் பெரும்பாலும் இல்லை. நியூயார்க்கையும் கலிபோர்னியாவையும் கனவு கண்டு புறப்பட்டவன் சோள வயல்களுக்கு நடுவே சிற்றூரொன்றில் போய் இறங்குகிறான். பதினாறு வயதில் அங்கே எல்லாப் பிள்ளைகளும் மோட்டார் ஓட்டுகின்றனர். பரிவர்த்தனை மாணவனுக்கு அது பெரும்பாலான ஸ்தாபனங்களின் விதிகளால் தடுக்கப்பட்டிருக்கிறது. எங்கே செல்லவேண்டுமாயினும் பிறரைக் கேட்கவேண்டும். தன் ஊரில் பஸ் ஏறித் தன்னிச்சையாகத் திரிந்தவனுக்கு இது சிறைபோலத் தோன்றும். ஆனால் அந்தக் காரில் பக்கத்தில் அமர்ந்து செல்லும் அரைமணி நேரங்களிலேதான் உண்மையான பேச்சுகள் நிகழ்கின்றன என்பதை அனுபவித்தோர் அறிவர்.

நடு மாதங்களின் சோதனை

அயல்நாட்டில் வாழச் செல்வோரின் மனநிலையை ஆராய்ந்தோர் பலர். நார்வே தேசத்து அறிஞர் ஸ்வெரெ லிஸ்கார்டு, அமெரிக்காவில் தங்கித் திரும்பிய நார்வேஜியர் இருநூறு பேருக்குச் சற்று அதிகமானோரை விசாரித்து, 1955-இல் தம் முடிவை வெளியிட்டார். ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியோரும், பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியோரும் நன்கு இணங்கியிருந்தனர். இடைப்பட்ட காலம் தங்கியோரே இணக்கம் குறைந்திருந்தனர் என்பது அவர் கண்டது. அவர் ஆராய்ந்தது வயது வந்தோரை. அம்முடிவு எல்லோருக்கும் அப்படியே பொருந்துமென்று கொள்வதற்கில்லை. ஆயினும் பத்து மாதம் என்பது சரியாக அந்த இடைக்காலத்தில் வந்து முடிகிறதென்பது கவனிக்கத் தக்கது.

ஆகஸ்டில் வந்த பிள்ளைக்கு எல்லாம் புதுமை. எல்லாரும் புன்னகை புரிகின்றனர். நவம்பரில் பொழுது நான்கரை மணிக்கே சாய்கிறது. புதுமை தீர்ந்துபோகிறது, மொழி இன்னும் வசப்படவில்லை. பிறர் ஹாஸ்யத்துக்குச் சிரிக்கும்போது இவன் பொருள் தெரியாமல் சிரிக்கிறான். டிசம்பரில் குடும்பமெல்லாம் பண்டிகைக்குக் கூடுகையில் தன் ஊர் நினைவு நெஞ்சை அடைக்கிறது. 1947-இல் வந்த பிள்ளைகளுக்கு வீட்டுக் கடிதம் கடலைக் கடந்து வர வாரக்கணக்கில் ஆயிற்று. அழுதாலும் அந்த வீட்டிலேயே அழுது, அந்த வீட்டாரிடமே ஆறுதல் பெற்றாகவேண்டும். இன்றைய பிள்ளையின் கையில் தாயின் முகத்தையே காட்டும் தொலைபேசி இருக்கிறது. அது வரமும் சாபமுமாகும். ஒவ்வோர் இரவும் தாயிடம் குறை சொல்லி ஆறுகிறவன் கூடத்தில் அமர்ந்திருக்கும் குடும்பத்தாரிடம் மனம் திறப்பதேயில்லை. உடல் ஒரு நாட்டிலும் உள்ளம் மற்றொரு நாட்டிலுமாக ஆண்டு கழிந்துவிடுகிறது. அடிக்கடி வீட்டுக்குப் பேசவேண்டாமென்று ஸ்தாபனங்கள் கூறும் புத்திமதி கடுமையாகத் தோன்றினும் காரணமுடையதே.

இரண்டு மரணங்கள்

இவ்வுறவு எவ்வளவு ஆழமானது என்பதைத் துயரமே சோதித்துக் காட்டியிருக்கிறது.

ஜப்பான் தேசத்து மாணவன் யோஷிஹிரோ ஹட்டோரி, வயது 16, 1992-இல் லூயிசியானா ராஜ்யத்துப் பேட்டன் ரூஜ் நகரில் ஒரு குடும்பத்தில் தங்கியிருந்தான். அக்டோபர் 17-ஆம் தேதி அவ்வீட்டு மகனுடன் ஒரு கேளிக்கைக்குச் சென்றபோது, வீடு தவறி மற்றொரு வீட்டுக் கதவைத் தட்டினர். வீட்டுக்காரர் துப்பாக்கியுடன் வந்து, அசையாதே என்னும் கருத்துடைய வழக்குச் சொல் ஒன்றைக் கூவினார். அகராதிப்படி அதற்கு உறைந்துபோ என்று பொருள். அது பிள்ளைக்கு விளங்கியதாகத் தெரியவில்லை. முன்னே வந்தவன் சுடப்பட்டு இறந்தான். சுட்டவரை 1993-இல் ஜூரிகள் குற்றமற்றவரென விடுவித்தனர். 1994-இல் சிவில் நீதிமன்றம் அவரைப் பொறுப்பாளியாக்கி நஷ்டஈடு விதித்தது.

பெற்ற தாய் தந்தையர் அமெரிக்கர் அனைவரையும் வெறுத்திருந்தால் யார் குறைகூற முடியும்? அவர்கள் செய்தது வேறு. துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தக் கோரி ஜப்பானில் 17 லட்சம் கையெழுத்துகள் திரட்டி, 1993 நவம்பரில் ஜனாதிபதி கிளிண்டனை நேரில் கண்டு முறையிட்டனர். மகனை ஏற்றிருந்த அமெரிக்கத் தம்பதியர் அவர்களுடன் தோளோடு தோள் நின்று அதே கிளர்ச்சியில் உழைத்தனர். மகன் நினைவாகப் பெற்றோர் ஒரு நிதி ஏற்படுத்தினர். அதன் உதவியால் அமெரிக்க மாணாக்கர் ஜப்பானுக்கு வந்து குடும்பங்களில் தங்கிப் படிக்கின்றனர். மகனைக் கொன்ற தேசத்தின் பிள்ளைகளைத் தம் தேசத்து வீடுகளுக்கு அழைக்கும் நெஞ்சம் எத்தகையது!

மற்றொன்று, கராச்சி நகரைச் சேர்ந்த சபிகா ஷேக் என்னும் 17 வயதுச் சிறுமியின் மரணம். மேலே கூறிய கென்னடி-லூகர் திட்டத்தில் டெக்ஸாஸ் ராஜ்யம் சென்றவள். 2018 மே 18-ஆம் தேதி சாண்டா ஃபே ஹைஸ்கூலில் ஒரு மாணவன் சுட்டதில் மாண்ட பதின்மருள் அவளும் ஒருத்தி. சில வாரங்களில் ஊர் திரும்ப இருந்தாள். அப்பொழுது ரமலான் மாதம் தொடங்கியிருந்தது. கிறிஸ்தவர்களான அந்தக் குடும்பத்தார் அவளுடன் தாமும் நோன்பிருந்தனர். அமெரிக்காவையும் பாகிஸ்தானையும் பற்றி இரு நாட்டு ராஜதந்திரிகளும் எழுதிக் குவித்த அறிக்கைகளில் இந்த நோன்புக்கு ஈடானதொன்று உண்டோ?

பணமும் பொறுப்பும்

இனி நாம் கூறப்போவது கசப்பானது. ஆயினும் கூறாது விடுவதற்கில்லை. அமெரிக்க விதிகளின்படி பரிவர்த்தனை மாணவனை ஏற்கும் குடும்பம் ஊதியம் பெறுவதில்லை. வருமானவரியில் மாதம் 50 டாலர் வரை தர்மச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவே. கனடா, நியூஸிலாந்து முதலிய நாடுகளில் கட்டணம் செலுத்திப் படிக்க வரும் மாணாக்கரை வைத்துக்கொள்வோருக்குப் பணம் தரப்படுவதுண்டு. அது வாடகை ஏற்பாடு. அதிலும் அன்பு பிறக்கக்கூடும். ஆனால் காசு வாங்காத வீட்டில் பிள்ளைக்கு ஒரு நிச்சயம் உண்டு: நம்மை விரும்பியே ஏற்றிருக்கிறார்கள் என்பது. இம்முறையின் உயிர்நாடி அதுவே.

குடும்பத்தார் தர்மமாகச் செய்ய, நடுவில் நிற்கும் ஸ்தாபனங்களில் சில அதனை வியாபாரமாக்கிவிடுமாயின் என்ன ஆகும்? பெற்றோரிடம் பெருந்தொகை பெற்று, வீடு கிடைத்தால் போதுமென்று எங்கேயோ பிள்ளையைத் தள்ளிவிடும் கொடுமையும் நடந்திருக்கிறது. 2009-இல் பென்ஸில்வேனியா ராஜ்யத்து ஸ்க்ராண்டன் நகரில், பரிவர்த்தனை மாணாக்கர் சிலர் அசுத்தம் மிகுந்த வீடுகளில், போதிய உணவுமின்றி வைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டு நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அதன் பின் விதிகள் இறுக்கப்பட்டன.

இன்றைய விதிகள் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை. ஏற்கும் குடும்பத்தாரை அவர்கள் வீட்டிலேயே சென்று கண்டு விசாரிக்கவேண்டும். வீட்டிலுள்ள 18 வயது நிரம்பியோர் அனைவரின் குற்றப் பின்னணியையும் சோதிக்கவேண்டும். பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டும். காற்றடைத்த மெத்தையும், இரவில் விரித்துப் பகலில் மடக்கும் சோபாவும் கூடா. ஸ்தாபனத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளர் 120 மைல் எல்லைக்குள் வசிக்கவேண்டும். மாதந்தோறும் பிள்ளையுடனும் குடும்பத்துடனும் தொடர்புகொள்ளவேண்டும். வீடு பொருந்தாவிடில் வேறு வீடு மாற்றித் தரப்படும்; அது பிள்ளைக்கு இழுக்கன்று. இவ்விதிகள் ஏட்டிலிருந்தால் போதுமா? கேட்பாரிருந்தால்தான் விதிக்கு உயிருண்டு. ஆகவே பிள்ளையை அனுப்புவோர் இவை ஒவ்வொன்றையும் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். 'அமெரிக்கா போகிறான்' என்னும் பெருமையில் கேள்வியை விழுங்கிவிடுதல் பிள்ளைக்குச் செய்யும் துரோகமாகும்.

நம் கதவும் திறக்கட்டும்

பரிவர்த்தனை என்னும் சொல்லுக்குக் கொடுத்து வாங்குதல் என்பது பொருள். ஒரு நாடு பிள்ளைகளை அனுப்பிக்கொண்டே இருந்து, தன் வீடுகளை அடைத்து வைத்திருக்குமாயின் அது பரிவர்த்தனை ஆகாது, யாசகமே ஆகும். இந்தியாவிலும் அயல்நாட்டு மாணாக்கரை ஏற்று வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உள்ளன. அவை பெருகவேண்டும். வீடு சிறிது, வசதி போதாது என்று தயங்குவோர் உளர். யுத்தத்தில் இடிந்து கிடந்த ஐரோப்பாவும் ஜப்பானும் தம் குறுகிய வீடுகளில் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இடமளிக்கத் தயங்கவில்லை. பிள்ளைக்கு வேண்டுவது ஒரு படுக்கை, வயிறார உணவு, ஒழுங்கைக் கற்பிக்கும் கண்டிப்பு, தவறினால் பொறுத்துக்கொள்ளும் மனம்.

நம்மவரிடம் விருந்தோம்பும் பண்புக்குக் குறைவில்லை. வந்த பிள்ளையை ஆண்டு முழுவதும் நடுக்கூடத்து நாற்காலியில் அமர்த்திப் பலகாரம் தந்துகொண்டே இருந்துவிடுவோமோ என்பதே நம் கவலை. அவனையும் கடைக்கு அனுப்புங்கள். கறிகாய் நறுக்கச் சொல்லுங்கள். பாடம் படிக்காவிடில் கடிந்துகொள்ளுங்கள். நம் வீட்டுச் சச்சரவுகளையும், நம் தெருவின் சாதி வேற்றுமைகளையும் அவன் பார்த்துக் கேள்வி கேட்டால் நேர்மையாக விடை சொல்லுங்கள். அந்தக் கேள்விகள் நமக்கும் பாடமாகும். தேசாபிமானம் என்பது குறைகளைத் திரையிட்டு மறைப்பதிலே இல்லை.

ராஜ்யங்கள் இன்று நேசமாயிருக்கும், நாளை பகைத்துக்கொள்ளும். உடன்படிக்கைகளைக் கிழித்தெறிய ஒரு நாள் போதும். ஒரு வீட்டில் ஓராண்டு பிள்ளையாய் வாழ்ந்தவனுக்கு அந்த நாட்டில் ஒரு தாயும் தமையனும் இருக்கின்றனர். அந்த நாட்டின்மீது குண்டு போடவேண்டுமென்று எவரேனும் மேடையில் முழங்கும்போது, அவன் கண்முன் தோன்றுவது படத்திலுள்ள எல்லைக்கோடன்று. தான் தட்டுக் கழுவிய அடுக்களை. அத்தகையோரின் தொகையைப் பெருக்குவது சமாதானத்தை விரும்பும் ஒவ்வொரு தேசபக்தனின் கடமையென்று வற்புறுத்துகிறோம்.